பதப்படுத்தலின் இருவகை நோக்கங்கள்: இட்லியும் உடனடி நூடுல்ஸும் குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உணவு குறித்த பொது உரையாடல்களில் ‘இயற்கை உணவு நல்லது, பதப்படுத்திய உணவு தீயது’ என்னும் இருமைப் பகுப்பு வழங்கி வருகிறது. மனிதன் உண்ணும் உணவில் பெரும்பகுதி ஏதேனும் ஒருவகையில் பதப்படுத்தப்பட்டதே ஆதலின் இப்பகுப்பு போதாது. பதப்படுத்தல் நிகழ்ந்ததா என்பதைவிட, அது எந்த நோக்கத்திற்காக, எவ்வளவு தூரம் நிகழ்ந்தது என்பதே உணவின் தன்மையைத் தீர்மானிக்கிறது. இக்கருத்தை இட்லி, உடனடி நூடுல்ஸ் ஆகிய இரு காலை உணவுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. புதிதாகச் சமைத்த உணவுக்கு வேண்டிய நேரத்தையும் உழைப்பையும் யார் தருவது என்ற வினாவும் இதில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பதப்படுத்தல், மிகைப் பதப்படுத்தல், நொதித்தல், புழுங்கல் அரிசி, நோவா வகைப்பாடு, காலை உணவு, வீட்டு உழைப்பு.

முன்னுரை

உணவை மருந்தாகக் கருதும் மரபு தமிழுக்குப் பழமையானது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோய்க்குரிய மூலிகைகளைப் பட்டியலிடுவதில்லை. உண்ணும் அளவையும், முன்னர் உண்டது செரித்ததா என்று அறிதலையும், பசித்த பின் உண்ணுதலையுமே அது பெரிதும் வலியுறுத்துகிறது. எதை உண்பது என்பதோடு, எவ்வளவு உண்பது, உடல் தரும் குறிப்பை எவ்வாறு அறிவது என்பனவும் நலத்தின் அடிப்படை என்பது அதன் சாரம். இக்கால ஊட்டச்சத்து ஆய்வுகள் வேறொரு வழியில் இதே இடத்தை வந்தடைந்துள்ளன.

இதன் தேவை இன்று மிகுந்துள்ளது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்றும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் முந்தைய நிலையில் உள்ளனர் என்றும் அது மதிப்பிட்டது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு நலமற்ற உணவுமுறையால் விளைவது என்னும் மதிப்பீட்டை எடுத்துக்காட்டுகிறது. ஆகவே உணவுகளை ஒப்பிடும் அளவுகோல் சரியானதாக இருத்தல் இன்றியமையாதது.

பதப்படுத்தலும் தமிழர் சமையலும்

வெயிலில் காய்ந்த சுண்டை வற்றல், உப்பிலிட்ட மாங்காய், உறைமோர் ஊற்றித் தோய்த்த தயிர், உப்பிட்டு உலர்த்திய கருவாடு ஆகிய அனைத்தும் பதப்படுத்திய உணவுகளே. இவற்றுள் ஊட்டச்சத்து வரலாற்றில் தனியிடம் பெறுவது புழுங்கல் அரிசி.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பின் குத்துவதே புழுக்கும் முறை. ஊறலின்போதும் அவித்தலின்போதும் தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் சென்று தங்குகிறது. பின்னர் தவிடு நீக்கப்பட்டாலும் அச்சத்து முற்றிலும் இழக்கப்படுவதில்லை. பச்சை நெல்லை ஆலையில் வெண்மையாகத் தீட்டும்போது இச்சத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது.

இவ்வேறுபாட்டின் விளைவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா கண்டது. தீட்டிய வெள்ளரிசியை உண்ட தொழிலாளரிடையே நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாகவே இருந்தது. இதனைக் கவனித்த மருத்துவர்கள் காரணத்தை ஆராய முற்பட்டனர். வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூரின் மனநலக் காப்பகத்தில் ஒரு சாராருக்கு வெள்ளரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்து ஒப்பிட்டார். வெள்ளரிசி உண்டோரிடையே நோய் மிகுதியாகத் தோன்றியது. அவருக்கு முன்பே ஜாவாவில் கோழிகளிடத்து இந்நோயை ஆராய்ந்திருந்த கிறிஸ்டியான் எய்க்மான் 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இந்நிகழ்வு இரு உண்மைகளை உணர்த்துகிறது. நெல் தீட்டுதல், நெல் புழுக்குதல் ஆகிய இரண்டும் பதப்படுத்தலே. ஒன்று நோய்க்கு வழிவகுத்தது. மற்றொன்று நோயிலிருந்து காத்தது. எனவே ‘பதப்படுத்தியது’ என்னும் ஒற்றைச் சொல்லால் ஓர் உணவை மதிப்பிட இயலாது என்பது தெளிவு.

நோவா வகைப்பாடு

இச்சிக்கலுக்குத் தீர்வாகப் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009ஆம் ஆண்டு முதல் ஒரு புதிய பகுப்பை முன்வைத்தார். பின்னர் ‘நோவா’ எனப் பெயர் பெற்ற அது, உணவைச் சத்துகளின் அடிப்படையில் அல்லாமல் பதப்படுத்தலின் அளவு, நோக்கம் ஆகியவற்றின் அடிப்படையில் நான்காகப் பகுக்கிறது.

முதல் வகை, காய்கறி, பழம், தானியம், பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற இயல்பான அல்லது சிறிதளவே பதப்படுத்திய உணவுகள். இரண்டாம் வகை, எண்ணெய், சர்க்கரை, உப்பு முதலிய சமையல் துணைப்பொருள்கள். மூன்றாம் வகை, முதல் வகையோடு இரண்டாம் வகையைச் சேர்த்துச் செய்யும் ஊறுகாய், பாலாடைக்கட்டி போன்றவை. நான்காம் வகை, மிகைப் பதப்படுத்திய உணவுகள். தானியத்திலிருந்தும் எண்ணெய் வித்துகளிலிருந்தும் பிரித்தெடுத்த மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றை நிறமி, மணமூட்டி, சுவையூட்டி, பால்மமாக்கி ஆகியவற்றோடு சேர்த்துத் தொழிற்சாலையில் உருவாக்குபவை இவை. குளிர்பானங்கள், உடனடி நூடுல்ஸ், நொறுக்குத் தீனிப் பொட்டலங்கள், பிஸ்கட்டு வகைகள் முதலியன இதில் அடங்கும். 2014இல் வெளியான பிரேசில் நாட்டு உணவு வழிகாட்டி இப்பகுப்பையே அடித்தளமாகக் கொண்டது.

இப்பகுப்பு குறையற்றதன்று. முழுத்தானிய ரொட்டியும் சர்க்கரைக் குளிர்பானமும் சில வேளைகளில் ஒரே நான்காம் வகையில் வந்து சேர்கின்றன. தாய்ப்பால் பெற இயலாத குழந்தைக்கு இன்றியமையாத பால்மாவும் அவ்வகையிலேயே அடங்குகிறது. ஆகவே இதனை விலக்கப்பட்ட உணவுகளின் பட்டியலாகக் கொள்ளாமல், ஓர் உணவு எதற்காக அவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் வினாவை எழுப்பும் கருவியாகக் கொள்வதே பொருத்தமாகும். அவ்வினாவை இனி இரு உணவுகளிடத்து எழுப்பிக் காணலாம்.

இட்லி: நொதித்தலின் பயன்

இட்லிக்குப் பெரும்பாலும் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்னும் அளவு கொள்ளப்படுகிறது. ஊறவைத்து அரைத்த மாவு ஓர் இரவு புளிக்கும்போது, உளுந்திலும் சுற்றுப்புறத்திலும் இயல்பாக உள்ள லியூகோனாஸ்டாக் முதலான நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை வெளியிடும் கரியமில வாயுவை உளுந்தின் புரதமும் பசைத்தன்மையுள்ள மாவுப்பொருளும் பிடித்து வைப்பதால் மாவு பொங்குகிறது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் மாவுக்குப் புளிப்பைத் தருவதோடு, தீங்கு செய்யும் பல நுண்ணுயிர்களின் வளர்ச்சியையும் தடுக்கிறது.

நொதித்தலின்போது ஃபைட்டிக் அமிலத்தின் அளவு குறைகிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பிணைத்து உடலுக்குக் கிட்டாமல் செய்யும் பொருள் அது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. துவரம்பருப்பும் காய்கறியும் சேர்ந்த சாம்பார் இந்நிறைவை மேலும் கூட்டுகிறது. ஆவியில் வேகவைப்பதால் எண்ணெய் வேண்டுவதில்லை.

எனினும் இட்லியைக் குறையற்ற உணவாகப் புகழ்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. தீட்டிய அரிசியில் செய்த இட்லி இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தக்கூடியது. சாம்பாரில் காய்கறி குறைந்து, தட்டில் இட்லியின் எண்ணிக்கை கூடும்போது அது மாவுப்பொருளின் குவியலாகிவிடுகிறது. அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கம்பு, கேழ்வரகு, சாமை ஆகியவற்றைச் சேர்ப்பது இக்குறையைத் தணிக்க உதவும்.

உடனடி நூடுல்ஸ்: நீடித்து இருத்தலின் பயன்

உடனடி நூடுல்ஸை 1958இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ அறிமுகப்படுத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாட்டின் நினைவு நீங்காத காலம் அது. எளிதில் கெடாததும், வெந்நீர் மட்டும் இருந்தால் உண்ணத்தக்கதுமான உணவை ஆக்குவதே அவர் நோக்கம். இந்தியச் சந்தையில் இத்தகைய உணவு 1980களில் பரவத் தொடங்கியது.

இதன் தொழில்நுட்பம் எளிமையானது. மைதா மாவைப் பிசைந்து, தகடாக்கி, இழைகளாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, பின்னர் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடங்கள் பொரிக்கின்றனர். நீர் ஆவியாகி வெளியேறிய இடத்தில் நுண்துளைகள் உண்டாகின்றன. வெந்நீர் ஊற்றியதும் அத்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்வதே சில நிமிடங்களில் உணவு தயாராவதன் காரணம். நீர்த்தன்மை மிகக் குறைவாக இருப்பதால் இழைகள் கெடுவதில்லை. எனவே ‘நூடுல்ஸ் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது மிகுதியான நச்சுப் பொருள்களால்தான்’ என்னும் பரவலான நம்பிக்கை தவறானது. வற்றல் எக்காரணத்தால் கெடுவதில்லையோ அதே காரணத்தால் இதுவும் கெடுவதில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. பொரிக்கும் வகை நூடுல்ஸின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு கொழுப்பு. பெரும்பாலும் பயன்படும் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பாகும். மைதாவில் தவிடும் முளையும் நீக்கப்பட்டிருப்பதால் நார்ச்சத்து குறைவு. உலக நலவாழ்வு நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. மசாலாப் பொடியுடன் கூடிய ஒரு பொட்டலம் அவ்வளவில் கணிசமான பங்கை ஒரே வேளையில் தந்துவிடுகிறது. புரதத்தின் அளவை மட்டும் எண்ணினால் இட்லிக்கும் நூடுல்ஸுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு. அதை ஈடுசெய்யும் பருப்பு பொட்டலத்தினுள் இல்லை.

சுவையூட்டி குறித்தும் ஒரு தெளிவு வேண்டும். பல பொட்டலங்களில் காணப்படும் 621 என்னும் எண் மோனோ சோடியம் குளூட்டமேட்டைக் குறிப்பது. 1908இல் ஜப்பானிய வேதியியலார் கிக்குனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த சுவையின் வடிவம் அது. தக்காளியிலும் குளூட்டமேட் இயல்பாக உண்டு. வழக்கமான அளவில் அது நச்சு என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் தக்காளியும் பருப்பும் நெடுநேரம் வெந்து தரும் செறிந்த சுவையை, அவை இல்லாமலேயே நாக்கு பெற அது வழி செய்கிறது. சுவை உண்டு, அச்சுவையோடு வரவேண்டிய நாரும் புரதமும் இல்லை.

இவ்வொப்பீட்டால் பெறப்படுவது, இட்லியில் நிகழும் பதப்படுத்தல் தானியத்தின் சத்தை உடலுக்கு எளிதாக்குவதை நோக்கியது. நூடுல்ஸில் நிகழும் பதப்படுத்தல் பண்டம் கடையில் நெடுநாள் இருப்பதையும் விரைவில் உண்ணப்படுவதையும் நோக்கியது என்பதாகும்.

அளவறிதலும் ஆய்வுச் சான்றும்

இரு உணவுமுறைகளிலும் சத்துகள் சமமாக இருந்தால் விளைவும் சமமாக இருக்குமா? இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கெவின் ஹால் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. 20 பேர் நான்கு வாரங்கள் மருத்துவ நிலையத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். இரண்டு வாரங்கள் மிகைப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரங்கள் இயல்பான உணவும் அளிக்கப்பட்டன. பரிமாறப்பட்ட உணவின் ஆற்றல், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவை இரு காலத்திலும் சமமாக்கப்பட்டிருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம் என்பதே விதி.

மிகைப் பதப்படுத்திய உணவின் காலத்தில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 500 கிலோ கலோரி கூடுதலாக உண்டனர். இரண்டே வாரங்களில் எடை ஏறத்தாழ 0.9 கிலோ கூடியது. இயல்பான உணவின் காலத்தில் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. பதப்படுத்திய உணவை அவர்கள் விரைவாக உண்டனர் என்பதும் கவனிக்கப்பட்டது. மென்மையான உணவு குறைந்த மெல்லலோடு உள்ளே சென்றுவிடுகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளையை அடையும் முன்பே தட்டு காலியாகிவிடுகிறது என்பது இதற்கு ஒரு விளக்கம். ஆற்றல் செறிவு மற்றொரு விளக்கம். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 90 கிலோ கலோரிக்கும் குறைவு. அதே எடையுள்ள சிப்ஸில் 500 கிலோ கலோரிக்கும் மேல். கையளவு ஒன்றே, உடலுக்குள் செல்லும் ஆற்றலோ ஐந்து மடங்குக்கும் மேல்.

20 பேரிடம் நான்கு வாரங்கள் நடந்த ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட இயலாது. 2025இல் வெளியான, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தோர் நடத்திய ஆய்வில், அரசு வழிகாட்டிக்கு இணங்க அமைத்த மிகைப் பதப்படுத்திய உணவை உண்டோரும் சிறிது எடை குறைந்தனர். ஆயினும் குறைவாகப் பதப்படுத்திய உணவின் காலத்தில் ஏறத்தாழ இருமடங்கு எடை குறைந்தது. சத்துகளின் அளவும் முக்கியம், அச்சத்துகள் எவ்வடிவில் வருகின்றன என்பதும் முக்கியம் என இவ்விரு ஆய்வுகளையும் இணைத்துப் பொருள் கொள்ளலாம். பசித்து, செரித்ததை அறிந்து, அளவோடு உண்க என்னும் அறம் உடலின் குறிப்பை நம்பி நிற்பது. அக்குறிப்பு வந்தடையும் முன்பே உண்டு முடிக்கத்தக்கதாக உணவு ஆக்கப்படும்போது, அளவறிதல் தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் இயல்வதாக இல்லை.

நேரம், செலவு, உழைப்பு

நல்லது எதுவென அறிந்தும் மக்கள் ஏன் பொட்டலத்தை நாடுகின்றனர்? அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அது நேர்மையான விடையன்று. உடனடி உணவு விற்பது சுவையை மட்டுமன்று, நேரத்தையும் சேர்த்தே. இட்லிக்கு ஊறல் நான்கு மணிநேரம், அரைத்தல், ஓர் இரவு புளித்தல், பிறகு வேகவைத்தல். அதனோடு சாம்பாரும் சட்டினியும். நூடுல்ஸுக்குச் சில நிமிடங்கள்.

அந்நேரம் யாருடையது என்பது அடுத்த வினா. 2019இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். விடியற்காலையில் ஆலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்ணிடம் ‘பாட்டி காலத்து உணவுக்குத் திரும்புக’ என்று கூறுவது, பாட்டி காலத்து உழைப்பையும் அவள் தலையில் மீண்டும் ஏற்றுவதாகும். செலவும் கருதத்தக்கது. ஹால் குழுவின் ஆய்வில், இயல்பான உணவுக்கான மூலப்பொருள்களின் விலை மிகைப் பதப்படுத்திய உணவுக்கானதைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சமைக்கும் உழைப்பின் மதிப்பு அக்கணக்கில் சேரவில்லை.

ஆயினும் நேரத்தை மிச்சப்படுத்த மிகைப் பதப்படுத்தல் ஒன்றே வழியன்று. அதற்குத் தமிழ்நாட்டிலேயே மூன்று சான்றுகள் உள்ளன. முதலாவது, புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். ஆட்டுக்கல்லில் செலவான உடலுழைப்பை நீக்கிய இது, மாவின் இயல்பை மாற்றவில்லை. இரண்டாவது, தெருக்கள்தோறும் உள்ள மாவுக்கடை. அங்கு விற்கப்படும் ஈர மாவில் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, நீர் தவிர வேறெதுவும் தேவையில்லை. தூய்மையைக் கண்காணித்தால் போதும். மூன்றாவது, தமிழக அரசின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டம், அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றைக் காய்கறிச் சாம்பாருடன் சூடாக வழங்குகிறது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே நிகழவேண்டிய உழைப்பைப் பொது அடுக்களை ஏற்கும்போது, குழந்தைக்குப் புதிய உணவும் தாய்க்கு நேரமும் ஒருங்கே கிட்டுகின்றன.

இம்மூன்றோடு ஒழுங்குமுறையும் வேண்டும். எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் தொழில்முறை மாறுபக்கக் கொழுப்பின் அளவை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 முதல் 2 விழுக்காட்டிற்குள் வரையறுத்தது. சிலி நாடு 2016 முதல் உப்பு, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, ஆற்றல் ஆகியவை மிகுந்த பண்டங்களின் முன்புறத்தில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. பொட்டலத்தின் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படிக்க நேரமில்லாதவருக்கும் அம்முத்திரை பயன்படும்.

முடிவுரை

உணவைப் ‘பதப்படுத்தியது’, ‘பதப்படுத்தாதது’ எனப் பிரிப்பதைவிட, பதப்படுத்தலின் நோக்கத்தையும் அளவையும் கொண்டு பிரிப்பதே பொருத்தமானது என்பதைப் புழுங்கல் அரிசியின் வரலாறும், இட்லி, நூடுல்ஸ் ஆகியவற்றின் ஒப்பீடும் காட்டுகின்றன. நுகர்வோர் ஓர் உணவிடத்து மூன்று வினாக்களை எழுப்பலாம். இதன் மூலப்பொருள்களை வீட்டு அடுக்களையில் காண இயலுமா? இதனைச் செய்த முறை தானியத்தின் சத்தைக் கூட்டியதா, குறைத்ததா? இதனை உண்ணும்போது போதும் என்னும் உணர்வு உரிய நேரத்தில் வருகிறதா?

என்றோ ஒருநாள் உண்ணும் நூடுல்ஸ் யாரையும் நோயாளியாக்கிவிடாது. அது அன்றாடக் காலை உணவாக மாறும் இடத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. அம்மாற்றம் பெரும்பாலும் நேரமின்மையால் நிகழ்வதால், தீர்வும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பகிர்தல், தூய மாவுக்கடைகள், பொது அடுக்களைகள், தெளிவான முத்திரைகள் ஆகியன இல்லாமல் இயற்கை உணவைப் பரிந்துரைப்பது, வசதியுள்ளோர்க்கு மட்டுமே பயன்படும் அறிவுரையாகவே எஞ்சும்.